36 சதவீதம் எங்கே போயிற்று?

கேள்வி: சிங்கப்பூரில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஆறேழு பேர் கூடி டெக்சஸ் ஹோல்டம் போக்கர் ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. 1-2 வெள்ளி ஆட்டம் (தொடக்கக் கட்டாயப் பந்தயம் 1, 2 சிங்கப்பூர் வெள்ளி). சில மாதங்களாகப் பாட் ஆட்ஸ் (கட்டுவதற்கான விலைக் கணக்கு), ஈக்விட்டி (வெல்லும் பங்கு) இரண்டையும் படித்துக் கணக்குப் போட்டே முடிவெடுக்கிறேன். ஆனால் மனம் போனபடி ஆடிய காலத்தைவிட இப்போதுதான் அதிகம் இழக்கிறேன். ஓர் ஆட்டத்தை மட்டும் எழுதுகிறேன். என் கையில் ஹார்ட்டின் 9, ஹார்ட்டின் 8. ஃபிளாப்பில் (முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டுகள்) ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 5, கிளாவர் 2. அப்போது நடுவே 20 வெள்ளி இருந்தது. எதிரே இருந்தவர் 20 வைத்தார். எனக்கு ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) தரும் சீட்டுகள் 9. நான்கால் பெருக்கினால் 36 சதவீதம். தேவைப்பட்டதோ 33. கட்டினேன். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) டைமன் ஜாக்கி. அவர் 60 வைத்தார். அதற்குப் பின் அவரிடம் மீதி 100 வெள்ளி இருந்திருக்கும். இப்போதும் தேவை அதே 33, என்னிடம் 36 இருக்கிறதே என்று மறுபடியும் கட்டினேன். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஒன்றும் வரவில்லை. அவர் ஏஸ், ராஜாவைக் காட்டினார். இதே மாதிரியான கைகளில் தொடர்ந்து ஐந்து முறை தோற்றுவிட்டேன். "மேசையில் கணக்கு உதவாது, ஆளைப் பார்த்து ஆடு" என்கிறார்கள் நண்பர்கள். கணக்கு தவறா, நான் தவறா? சென்னையில் இருக்கும் என் தம்பி ஒரு செயலியில் பணம் கட்டி ஆட ஆசைப்படுகிறான். அவனுக்கும் இதைச் சொல்லித் தரலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கில் பிழையில்லை. ஆனால் நீங்கள் போட்டது வேறோர் ஆட்டத்தின் கணக்கு. அந்த 36 சதவீதம் எந்தச் சூழலுக்கு உரியது என்று பார்த்துவிட்டால், நீங்கள் எங்கே பணத்தை விட்டீர்கள் என்பது வெள்ளிக் கணக்கிலேயே தெரிந்துவிடும். உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அது எந்தப் பாதி என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஈக்விட்டி. ஆட்டம் இந்த நொடியில் நின்றுவிட்டால் நடுவில் கிடக்கும் பணத்தில் உங்களுக்கு நியாயமாகச் சேரவேண்டிய பங்கு, அவ்வளவுதான். இந்தக் கேள்வி போக்கரைவிடப் பழையது. 1654இல் பிரான்சின் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி விவாதித்தது இதைத்தான்: பாதியில் நின்ற ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது? பாஸ்கல் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் இரண்டு பேர் ஆளுக்கு 32 பிஸ்டோல் நாணயம் வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கு எல்லாம். ஒருவர் இரண்டு சுற்று வென்றிருக்கிறார், மற்றவர் ஒன்று. அந்த நிலையில் ஆட்டம் நின்றால் முதலாமவருக்கு 48, இரண்டாமவருக்கு 16 என்றார் பாஸ்கல். இதுவரை யார் எத்தனை வென்றார்கள் என்ற விகிதத்தில் அவர் பிரிக்கவில்லை. இனி என்னென்ன நடக்கலாம் என்பதை எண்ணிப் பிரித்தார். முதலாமவரின் ஈக்விட்டி 75 சதவீதம் என்று இன்று சொல்வோம். நிகழ்தகவுக் கணிதம் வளரத் தொடங்கியதே இந்தச் சூதாட்டக் கேள்வியிலிருந்துதான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. கணக்குக்கும் மேசைக்கும் சம்பந்தமில்லை என்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கைக்கு வருவோம். ஃபிளாப்பில் நீங்கள் பார்த்த சீட்டுகள் ஐந்து, பார்க்காதவை 47. அவற்றில் ஹார்ட்டின் 9. டர்னில் ஹார்ட்டின் வராமல் போக 47இல் 38 வாய்ப்பு, அதன் பிறகு ரிவரிலும் வராமல் போக 46இல் 37. இரண்டையும் பெருக்கினால் 65 சதவீதம். ஆகவே இரண்டு சீட்டில் ஏதாவது ஒன்றிலாவது ஹார்ட்டின் வர 35 சதவீதம். நான்கால் பெருக்கும் குறுக்குவழி 36 என்று சொல்வது கிட்டத்தட்டச் சரிதான். (அவுட்டுகள், அதாவது உங்கள் கையை வெல்ல வைக்கும் சீட்டுகள், கூடக்கூட அந்தக் குறுக்குவழி பொய் சொல்லத் தொடங்கும். 12 அவுட்டுக்கு அது 48 என்னும், உண்மை 45. 15 அவுட்டுக்கு 60 என்னும், உண்மை 54.)

அடுத்தது விலை. பாட் ஆட்ஸ் என்பது அதுதான். நீங்கள் கட்டப் போகும் தொகையை, கட்டிய பிறகு நடுவில் இருக்கப் போகும் மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். நடுவே 20, அவர் வைத்தது 20, நீங்கள் கட்டுவது 20, மொத்தம் 60. 60இல் 20 என்றால் 33 சதவீதம். இதில் நீங்கள் தவறவில்லை. பலர் தாம் கட்டும் பணத்தைக் கீழே சேர்க்க மறந்து 40இல் 20, ஐம்பது சதவீதம் வேண்டும் என்று நல்ல சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள். நடுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் உங்களுக்குத் தேவை 20 சதவீதம். பாதி வைத்தால் 25. மூன்றில் இரண்டு வைத்தால் 29. முழுவதும் வைத்தால் 33. இரண்டு மடங்கு வைத்தால் 40. எதிரில் இருப்பவர் எத்தனை மடங்கு வைத்தாலும் இந்த எண் 50ஐத் தொடாது. அதன்பின் பந்தயமே இல்லாத நிலையில் உங்கள் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் எவ்வளவு பெரிய தொகைக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் ஆறுதல்.

இப்போது உங்கள் 35ஐயும் 33ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 35 என்பது இரண்டு சீட்டையும் பார்க்கப் போகிறவரின் பங்கு. 33 என்பது எதற்கான விலை? ஃபிளாப்பில் 20 வெள்ளி கட்டி நீங்கள் வாங்கியது டர்ன் என்ற ஒரே ஒரு சீட்டை. கிண்டி வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு தாம்பரம் வரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கிண்டியில் நடத்துநர் மூன்று மடங்குக் கட்டணத்துடன் மறுபடியும் வந்து நின்றார்.

இரண்டு சீட்டையும் பார்க்க நீங்கள் உண்மையில் கொடுத்த விலை என்ன? ஃபிளாப்பில் 20, டர்னில் 60, ஆக 80. கடைசியில் நடுவே இருந்தது 180. 180இல் 80 என்றால் 44 சதவீதம். அதற்கு உங்களிடம் இருந்தது 35. இந்த 9 சதவீத இடைவெளிதான் மாதக் கணக்கில் உங்கள் பையிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. மனம் போனபடி ஆடிய காலத்தில் டர்னில் 60 என்றதும் பயந்து கவிழ்த்திருப்பீர்கள். இப்போது கணக்கு தைரியம் கொடுத்துவிட்டது. அதனால்தான் அப்போதைவிட அதிகம் இழக்கிறீர்கள்.

இதை மனதில் வையுங்கள்: பங்கையும் விலையையும் ஒரே தூரத்துக்கு அளக்க வேண்டும். உங்கள் எதிராளியின் கையிருப்பே அந்த 20 வெள்ளிதான், அதை முழுவதும் வைத்து ஃபிளாப்பிலேயே ஆல் இன் ஆகிவிட்டார் என்றால், அதன்பின் யாரும் உங்களிடம் எதுவும் கேட்க முடியாது. இரண்டு சீட்டும் உங்களுடையவை. 35க்கு 33, கட்டியது சரி. அவரிடம் பணம் மீதி இருந்தால் ஒரு சீட்டுக்கான பங்கையே பார்க்க வேண்டும். அதற்கு இரண்டால் பெருக்குவதுதான் குறுக்குவழி. 9 அவுட்டுக்கு 18 வரும். உண்மையில் டர்னில் 19, ரிவரில் 20க்குச் சற்றுக் குறைவு.

டர்னில் நீங்கள் எடுத்த முடிவை முதலில் பார்த்துவிடுவோம், அதில் விவாதத்துக்கு இடமில்லை. இன்னும் வர வேண்டியது ஒரே சீட்டு. பார்க்காத 46இல் உங்களுக்கு 9. ஏறக்குறைய 20 சதவீதம். கேட்ட விலை 33. 36 என்ற எண் ஃபிளாப்பிலேயே செத்துவிட்டது; டர்னில் ஜாக்கி விழுந்த நொடியில் உங்கள் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. நீங்கள் பழைய எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வெள்ளியில் சொன்னால்: 46 தடவையில் 9 தடவை 120 வெல்வீர்கள், 37 தடவை 60 இழப்பீர்கள். அந்த ஒரு முடிவுக்குச் சராசரியாக 25 வெள்ளி நட்டம். ரிவரில் ஹார்ட்டின் வந்து நீங்கள் வென்றிருந்தாலும் அந்த 25 வெள்ளி நட்டம் நட்டம்தான்; மகிழ்ச்சியில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

"ஏற்கனவே பணம் போட்டாயிற்று, இப்போது எப்படி விடுவது" என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் டர்னில் இதைத்தான் சொல்கிறார்கள், எனவே ஒரு வரி: நடுவில் போட்ட பணம் யாருடையதும் அல்ல. பாஸ்கல் பிரித்தது போல, இனி வரப்போவதை மட்டும் எண்ணுங்கள்.

இப்போது நண்பர்கள் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். ஃபிளாப்பில் நீங்கள் கட்டிய 20 வெள்ளி தவறா? அதற்குச் சீட்டுக்கட்டு மட்டும் பதில் சொல்லாது. எதிரே இருந்த ஆளும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

ஃபிளாப்பில் உங்களுக்கு ஹார்ட்டின் வராத தடவை 38, வரும் தடவை 9. 38 தடவை 20 வெள்ளி இழப்பதை 9 தடவையில் திரும்ப எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு வெற்றியிலும் 84 வெள்ளி வர வேண்டும். நடுவில் இருப்பது 40. ஆகவே ஹார்ட்டின் விழுந்த பிறகும் அவர் உங்களிடம் சராசரியாக இன்னும் 44 வெள்ளி கொடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். இம்ப்ளைடு ஆட்ஸ் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த இனிமேல் வரப்போகும் பணத்தை. கொடுப்பாரா? மேசையில் மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததும் கையைக் கட்டிக்கொண்டு செக் (பந்தயம் வைக்காமல் விடுவது) சொல்லி, நீங்கள் பந்தயம் வைத்தால் உடனே கவிழ்த்துவிடுபவர் என்றால் அந்த 44 வராது. ராஜா ஜோடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஃபிளஷ் எல்லாம் வந்திருக்காது" என்று கடைசி வரை பணம் கட்டுகிறவர் என்றால் தாராளமாக வரும். அவரிடம் அப்போது 160 வெள்ளி மீதி இருந்தது, ஆகவே கொடுப்பதற்குப் பணமும் இருந்தது. இன்னொரு வகை ஆளும் உண்டு: ஃபிளாப்பில் ஒரு முறை அதிரடியாக வைத்துவிட்டு, யாராவது கட்டினால் டர்னில் தயங்கிச் செக் சொல்கிறவர். அவரிடம் ஒரு சீட்டின் விலைக்கு இரண்டு சீட்டும் கிடைத்துவிடும். அப்போது உங்கள் 35 மறுபடியும் உயிர் பெறுகிறது.

யார் முதலில் பேச வேண்டும் என்பதும் இதில் சேரும். எதிராளி உங்களுக்கு முன் பேசுகிறவராக இருந்தால் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யலாம். ஹார்ட்டின் வந்தால் பந்தயத்தைப் பெரிதாக்க அதுதான் வசதியான இடம். நீங்கள் முன்பேசும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் வைத்தால் அவர் ஓடுவார், வைக்காவிட்டால் அவரும் செக் சொல்லிவிடுவார். அந்த 44 வெள்ளியை வசூலிப்பது கடினம். நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

ஆக, ஃபிளாப்பில் ஆளைப் பார்ப்பது கணக்கின் ஒரு பகுதி. டர்னில்? அங்கே ஆளைப் பார்த்தும் பயனில்லை, ஏன் தெரியுமா? 60 கட்டுவதை நியாயப்படுத்த ரிவரில் ஹார்ட்டின் வரும்போது அவரிடமிருந்து மேலும் 127 வெள்ளி வர வேண்டும். அவரிடம் இருந்ததே 100. உலகத்திலேயே பெரிய ஏமாளியாக இருந்து ஒவ்வொரு முறையும் அந்த 100ஐயும் தூக்கிக் கொடுத்தாலும், நீங்கள் சராசரியாக 5 வெள்ளி இழப்பீர்கள். எதிராளியின் கையிருப்பை ஒரு கண் பார்த்திருந்தால் இரண்டு நொடியில் முடிந்திருக்க வேண்டிய முடிவு இது. பந்தயத்தின் அளவைக் கவனிப்பவர்கள் பலர், எதிரே அடுக்கி வைத்திருக்கும் சிப்ஸைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்து, அந்த 9 அவுட்டுகளும் தூய்மையானவைதானா என்ற கேள்வி. நீங்கள் ஏஸ், ராஜாவைக் கடைசியில் பார்த்தீர்கள். ஃபிளாப்பில் முடிவெடுக்கும்போது அது தெரியாது. அவர் கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ராஜா என்று வைத்துக்கொண்டு எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால், டர்னும் ரிவரும் சேர்ந்து வரக்கூடிய ஜோடிகள் 990. அவற்றில் 376இல் நீங்கள் வெல்கிறீர்கள். 38 சதவீதம். ஃபிளஷ் தவிர, 6ம் 7ம் அடுத்தடுத்து வந்து ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) ஆவது, 9ம் 8ம் வந்து இரண்டு ஜோடி ஆவது போன்ற சில்லறை வாய்ப்புகளும் சேர்வதால் 35ஐவிடக் கொஞ்சம் கூடுகிறது.

அதே ஆள் கையில் இஸ்பேட் 5, டைமன் 5 இருந்திருந்தால்? ஃபிளாப்பிலேயே அவருக்கு மூன்று ஐந்துகள். இப்போது ஹார்ட்டின் 2 உங்களுக்கு ஃபிளஷ் தரும். அவருக்கு ஃபிளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸும் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் ஜோடி) தரும். நீங்கள் மகிழ்ச்சியோடு பணத்தையெல்லாம் தள்ளுகிற சீட்டு அதுவாகத்தான் இருக்கும். மற்ற எட்டில் ஒன்று டர்னில் வந்தாலும் ரிவரில் மேசையில் ஏதாவது ஜோடி சேர்ந்தால் அவர் மறுபடியும் முந்திவிடுவார். எண்ணினால் 990இல் 253, அதாவது 26 சதவீதம்கூட இல்லை. 38 எங்கே, 26 எங்கே. உங்கள் சீட்டு மாறவில்லை, மேசை மாறவில்லை.

இன்னும் மோசமான நிலை, அவரும் ஹார்ட்டினுக்காகவே காத்திருப்பது. ஏஸும் ராணியும் ஹார்ட்டினில் அவரிடம் இருந்தால் ஹார்ட்டின் வருவதுதான் உங்களுக்கு ஆபத்து. ஃபிளஷ் வந்ததால்தான் நீங்கள் அதிகம் இழப்பீர்கள். 9, 8 போன்ற நடுத்தரச் சீட்டுகளோடு ஃபிளஷ் தேடும்போது இந்த எண்ணம் பின்மண்டையில் இருக்க வேண்டும். ஏஸ் உங்கள் கையில் இருக்கும் ஃபிளஷும் 9 உங்கள் கையில் இருக்கும் ஃபிளஷும் அவுட் கணக்கில் ஒன்று, பணக் கணக்கில் ஒன்றல்ல.

ஆகவே ஈக்விட்டி என்பது ஒரு சீட்டுக்கு எதிரான எண் அல்ல. அவர் இப்படி ஆடக்கூடிய எல்லாக் கைகளுக்கும் எதிரான சராசரி. நான்கில் மூன்று தடவை ஏஸ், ராஜா போன்ற ஒற்றை ஜோடியும் நான்கில் ஒரு தடவை மூன்று ஐந்துகள் போன்ற கையும் அவரிடம் இருக்கும் என்று மதிப்பிட்டால்: 38, 38, 38, 26, கூட்டி நான்கால் வகுத்தால் 35. இந்த மதிப்பீடு எங்கிருந்து வருகிறது? மாதக் கணக்கில் சனிக்கிழமைதோறும் அவருடன் ஆடிய அனுபவத்திலிருந்து. இங்கேயும் உங்கள் நண்பர்கள் சொல்வது செல்லுபடியாகும். ஆளைப் பார்த்து மதிப்பிடுங்கள், மதிப்பிட்டதை எண்ணாக மாற்றுங்கள். எண்ணாக மாற்றாத உள்ளுணர்வு தனக்குப் பிடித்த பதிலையே சொல்லும்.

35க்கு 33 என்பதே மெலிந்த லாபம் என்பதையும் கவனியுங்கள். வீட்டு ஆட்டத்தில் யாரும் பங்கு எடுப்பதில்லை. கட்டணம் பிடிக்கும் இடம் ஒன்றில் நடுப்பணத்தில் 5 சதவீதம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 60 வெள்ளி 57 ஆகிவிடும். 57இல் 20 என்றால் 35.1 சதவீதம். உங்கள் பங்கு 35.0. ஆல் இன் ஆகியிருந்தாலும் இலாபம் மறைந்துவிட்டது.

ரிவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாட் ஆட்ஸ் மிகச் சுத்தமாக வேலை செய்யும் இடம் அதுதான். அங்கே இனி வரவேண்டிய சீட்டு இல்லை, அவுட் இல்லை, இம்ப்ளைடு ஆட்ஸ் இல்லை. உங்களிடம் ஒரு சுமாரான ஜோடி, நடுவே 100, அவர் 50 வைக்கிறார். தேவை 25 சதவீதம். நான்கு தடவையில் ஒரு தடவை அவர் வெறுங்கையோடு மிரட்டுகிறார் என்றால் கட்டுவதும் கவிழ்ப்பதும் சமம். அதைவிட அடிக்கடி மிரட்டுபவர் என்றால் கட்ட வேண்டும். "பெரும்பாலும் அவரிடம் நல்ல கைதான் இருக்கும்" என்று சொல்லிக் கவிழ்ப்பவர்கள் பெரும்பாலும் என்ற சொல்லில் ஏமாறுகிறார்கள். நான்கில் மூன்று தடவை தோற்றாலும் நட்டமில்லாத விலை அது. அவர் ஃபிளஷ் தேடி ஏமாந்திருக்கக்கூடிய மேசையா என்று பாருங்கள். அப்படியானால் மிரட்டக் காரணமுள்ள கைகள் அவரிடம் நிறைய இருக்கும்.

கட்டுவதும் கவிழ்ப்பதும் மட்டுமே வழியல்ல. ஃபிளாப்பில் நீங்களே பந்தயத்தை ஏற்றியிருந்தால் அவர் கவிழ்த்துவிடும் வாய்ப்பும் உங்கள் பங்கோடு சேர்ந்திருக்கும். ஆனால் நீங்கள் வர்ணிக்கும் மேசையில் யாரும் எளிதில் கவிழ்ப்பதாகத் தெரியவில்லை. கவிழ்க்காதவர்களை மிரட்டுவது வீண் செலவு. அவர்களிடம் ஃபிளஷ் வந்தபின் வசூல் செய்வதுதான் முறை.

ஐந்து முறை தொடர்ந்து தோற்றதற்கு வருவோம். 35 சதவீதப் பங்கோடு இரண்டு சீட்டையும் பார்க்கிற ஒருவர் ஐந்து முறை தொடர்ந்து தவறவிட 100இல் 12 வாய்ப்பு. அபூர்வமே அல்ல. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் இது நடந்திருக்கலாம், ஆகவே ஐந்து தோல்வி எதற்கும் சாட்சி இல்லை. உங்கள் ஆட்டத்தில் பிழை இருப்பது எனக்குத் தெரிந்தது தோல்விகளால் அல்ல, டர்னில் 36 என்று நீங்கள் எழுதிய ஒரு வரியால்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பணம் தேவையில்லை, ஒரு சீட்டுக்கட்டு போதும். ஹார்ட்டின் 9, 8ஐ உங்கள் முன் வையுங்கள். அந்த ஃபிளாப்பை நடுவே வையுங்கள். எதிரே ஏஸ், ராஜா. மீதியைக் கலைத்து டர்ன் ஒன்று எடுங்கள். உடனே ரிவரை எடுக்காமல், இப்போது உங்கள் பங்கு எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹார்ட்டின் வராவிட்டால் பெரும்பாலும் "20" என்று சொல்ல வேண்டும். 36 என்று நாக்கில் வந்தால் மறுபடியும் கலையுங்கள். பிறகு எதிரே இரண்டு ஐந்துகளை வைத்து இதையே செய்யுங்கள். ஃபிளஷ் வந்தும் தோற்கும் தடவைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் எண்களைப் பார்ப்பதைவிட இப்படி விரலால் எண்ணுவது மேசையில் கைகொடுக்கும் என்பது என் அனுபவம்.

தம்பி விஷயம். நீங்கள் ஆடுவது போல வீட்டில் நண்பர்களும் குடும்பத்தினரும் நேருக்கு நேர் ஆடுவதற்குச் சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இணைய ஆட்டத்துக்கு அந்த விலக்கு கிடையாது. இந்தியாவில் நிலைமை வேறு. போக்கரும் ரம்மியும் திறன் சார்ந்த ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஆகவே செயலி வேண்டாம். பாட் ஆட்ஸை அவருக்குத் தாராளமாகச் சொல்லித் தாருங்கள். சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, பணமில்லாமல்.

அடுத்த முறை ஓர் ஆட்டத்தை எழுதி அனுப்பும்போது மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: ஃபிளாப் வருவதற்கு முன் யார் பந்தயத்தை ஏற்றினார், நீங்கள் அவருக்கு முன்னா பின்னா பேச வேண்டியிருந்தது, கை தொடங்கும்போது இருவரிடமும் எவ்வளவு இருந்தது. ஏஸ், ராஜாக்காரர் மூன்றாவது ஹார்ட்டின் விழுந்த மேசைகளில் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பது நினைவிருந்தால் அதையும். ஃபிளாப்பில் நீங்கள் கட்டிய அந்த 20 வெள்ளி சரியா என்பதை அப்போது சொல்கிறேன்.